எந்த வயதில் தொடங்கியது என்று யாரைக் கேட்பது?

'வயதானால் அப்படித்தான்' என்பதை ஆறுதல் வார்த்தை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு கணிப்பு. ஒரு மனிதருக்கு நினைவும் நிதானமும் எந்த வயதில் குலையலாம், எந்த வயதுவரை குலையக் கூடாது என்று வீடும் தெருவும் சேர்ந்து வைத்திருக்கிற எழுதப்படாத அட்டவணை அது. அந்த அட்டவணை தவறு என்பதே இக்கட்டுரையின் கட்சி. தவறு என்பதோடு போயிருந்தால் விட்டுவிடலாம். அதை நம்பித்தான் இங்கே சொத்து கைமாறுகிறது, சமையலறை கைமாறுகிறது, மருத்துவமனைக் கோப்பு எழுதப்படுகிறது, தேசத்தின் புள்ளிவிவரமும் எழுதப்படுகிறது.

இந்தியில் 'சடியானா' என்றொரு வினைச்சொல் உண்டு. அறுபதைக் குறிக்கும் 'சாட்' என்ற எண்ணிலிருந்து வந்தது. அறுபது தொட்டவருக்குப் புத்தி பிசகும் என்று ஒரு மொழியே தன் வினைச்சொல்லுக்குள் வயதை எழுதி வைத்திருக்கிறது. லாரன்ஸ் கோஹன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் காசியில் தங்கி ஆய்ந்து 1998இல் வெளியிட்ட 'நோ ஏஜிங் இன் இந்தியா' என்ற நூலில் இச்சொல்லைத் துருவிப் பார்க்கிறார். முதியவரின் குழப்பம் அங்கே மூளையின் நோயாகப் பேசப்படவில்லை, பிள்ளைகள் சரியில்லாத 'கெட்ட குடும்பத்தின்' அடையாளமாகப் பேசப்பட்டது என்கிறார். கேரளத்தில் இதே நிலைக்குச் 'சின்னன்' என்று பெயர். யாழ்ப்பாணத்தார் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். நம் வட ஆற்காட்டுப் பக்கத்தில் தனிச்சொல்கூடக் கிடையாது, 'குழந்தை மாதிரி ஆயிட்டாங்க' என்பதோடு சரி. எல்லாச் சொல்லிலும் ஒரு பொதுமை இருக்கிறது. நோய் என்ற எண்ணமே எதிலும் இல்லை. பருவம் வந்தால் பழுப்பது போல இதுவும் என்ற நினைப்பே தொனிக்கிறது.

இந்த நினைப்பு எவ்வளவு பெரிய தவற்றை விளைவித்தது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவண்ணாமலையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் இருக்கிறது வேலூர். 1989 வரை இரண்டும் ஒரே மாவட்டம். பேச்சு, பயிர், கல்யாண முறைவரை ஒன்றுதான். எனவே வேலூர்க் கிராமங்களைப் பற்றிச் சொல்லப்படுவதைத் திருவண்ணாமலைக்காரர்கள் தங்களைப் பற்றியதாகவே படிக்கலாம்.

உலகின் மறதிநோயாளிகளில் 66 சதவிகிதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் மக்கள்தொகை சார்ந்த ஆய்வில் பத்துச் சதவிகிதம்கூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை என்ற கோபத்தில், 1998இல் கொச்சியில் ஓர் ஆய்வுக் குழு உருவாயிற்று. அந்த எண்களையே பெயராக வைத்துக்கொண்டது: '10/66'. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர் கே. எஸ். ஜேக்கப் உள்ளிட்டோர் பங்கேற்ற இக்குழு, இந்தியாவில் சென்னையையும் வேலூரை அடுத்த கிராமங்களையும் களமாகக் கொண்டது. 2008இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளியாயின. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நான்காம் பதிப்புக் கையேட்டைக் கொண்டு அளந்தபோது 65 வயதுக்கு மேற்பட்டோரில் மறதிநோய் கியூபாவில் 6.3 சதவிகிதம். நம் வேலூர்க் கிராமங்களில் எவ்வளவு? 0.3 சதவிகிதம். ஆயிரத்துக்கு மூன்று பேர்!

மகிழ்ந்துவிட வேண்டாம். அதே மனிதர்களை, படிப்பறிவுக்கும் பண்பாட்டுக்கும் ஏற்பக் குழு தானே உருவாக்கிய அளவுகோலால் அளந்தபோது எந்த நாட்டுக் களத்திலும் எண்ணிக்கை 5.6 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கவில்லை, 11.7க்கு மேலே ஏறவுமில்லை. வேலூர்க் கிராமங்கள் பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு வந்து நின்றன. ஆயிரத்துக்கு மூன்று எங்கே, பத்துக்கு ஒன்று எங்கே? இடையில் காணாமற்போனவர்கள் யார்?

காரணம் எளிது. அமெரிக்கக் கையேட்டின்படி ஒருவருக்கு மறதிநோய் என்று எழுத, நினைவு குன்றியிருந்தால் மட்டும் போதாது. அதனால் அவருடைய அன்றாட வாழ்வும் சமூக வாழ்வும் கெட்டிருக்க வேண்டும், முன்பு இருந்ததிலிருந்து சரிந்திருக்கிறார் என்று கூட இருப்பவர் சொல்ல வேண்டும். ஹவானாவில் அப்படிச் சொல்ல ஆள் இருந்தது. கணியம்பாடிப் பக்கத்தில் கேட்டால் என்ன பதில் வரும்? 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்காங்க. நேரத்துக்குச் சோறு போடறோம், சாப்பிடறாங்க.' கிழவியிடமிருந்து யாரும் எதையும் எதிர்பார்க்காத வீட்டில், கிழவி எதைச் செய்ய இயலாமல் போனாள் என்பது யாருக்கும் தெரியாது. எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் இழப்பும் பதிவாவதில்லை.

இந்தக் குறைகணக்கின் மேல் நாம் கட்டிய மாளிகையைப் பாருங்கள். ஹரியாணா மாநிலம் பல்லப்கரில் நடந்த இந்திய அமெரிக்கக் கூட்டாய்வு, புதிதாக அல்சைமர் நோய் தோன்றும் விகிதம் அங்கே உலகில் அதுவரை பதிவானவற்றிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று என 2001இல் கூறியது. ஆய்வைச் செய்தவர்களே பின்தொடர்ந்த காலம் குறைவு, பண்பாட்டுக் காரணங்கள் இருக்கலாம், எனவே எச்சரிக்கையோடு கொள்க என்று சேர்த்தே எழுதினார்கள். அந்தப் பின்பாதியை யார் படித்தார்கள்? மஞ்சள்தான் காரணம், நம் சாம்பாரே மருந்து என்று பெருமை கிளம்பியது. பாட்டி வைத்தியக் கட்டுரைகளிலும் மின்னஞ்சல் சுற்றறிக்கைகளிலும் இன்றுவரை அது ஓடுகிறது. மஞ்சளுக்கு நான் எதிரியல்லன். ஆனால் எண்ணாமல் விட்டவர்களின் தலையைக் கொண்டு செய்த தற்பெருமை அது என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். 2023இல் வெளியான லாசி-டாட் ஆய்வு, நாடு முழுவதும் 60 வயதுக்கு மேற்பட்ட 4,096 பேரை நேரில் சோதித்து, இந்தியாவில் அவ்வயதினரில் 7.4 சதவிகிதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களில் அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். மஞ்சள் அரைத்தவர்களே அவர்கள்தாம் என்பதை நினைவில் வையுங்கள்.

எத்தனை பேருக்கு என்ற கேள்வியே இப்படித் தடுமாறுகிறது என்றால், எந்த வயதில் என்ற கேள்வியின் கதி என்ன?

முதலில், வயது என்றால் எந்த வயது? பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல்தான் வந்தது. இன்று எழுபதைக் கடந்த நாட்டுப்புறத்தாரில் பெரும்பாலோருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளி வாத்தியார் போட்டது. வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. பள்ளிக்கே போகாத பெண்களுக்கு அந்தக் காதுக் கணக்கும் கிடையாது. வாக்காளர் அட்டைக்கு வந்தவர் முகத்தைப் பார்த்து ஒன்று எழுதினார். முதியோர் உதவித்தொகைக்காக இன்னொன்று எழுதப்பட்டது. ஆதாரில் ஆண்டு மட்டும் சொன்னவர்களுக்கெல்லாம் ஜனவரி முதல் தேதி பிறந்தநாள் ஆயிற்று. ஆதார் அட்டை பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்ல வேண்டி வந்தது. மக்கள்தொகைக் கணக்கில் நம்மவர் வயதெல்லாம் ஐந்திலும் பூச்சியத்திலும் போய்க் குவிவதை அளப்பதற்கென்றே விப்பிள் குறியீடு என்ற ஒன்றை மக்கள்தொகையியலார் கையாளுகிறார்கள். அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று மேடுகள், இடையில் பள்ளங்கள். மனித வாழ்க்கை அப்படி மேடுபள்ளமாக ஓடுவதில்லை.

10/66 குழுவினர் இதை அறிந்தே இருந்தார்கள். சொல்லும் வயது, ஆவணத்து வயது, உறவினர் சொல்லும் வயது மூன்றும் முரண்பட்டால் நிகழ்ச்சி நாட்காட்டி ஒன்றை வைத்துக் கணக்கிட்டார்கள். ஊரே அறிந்த நிகழ்ச்சி நடந்தபோது உங்களுக்கு என்ன வயது, கல்யாணம் ஆகியிருந்ததா, எத்தனை பிள்ளைகள் என்று கேட்பது. நம்மிடம் இதற்கு வளமான பொருள் உண்டு. சுதந்திரம் வந்த ஆண்டு, இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்த 1965, அண்ணா மறைந்த 1969, எம்.ஜி.ஆர். மறைந்த 1987 என்று கேட்டுக்கொண்டே போகலாம். அதைவிட நுட்பமான கருவி ஒன்றை நம் கிழவிகள் வைத்திருந்தார்கள். என் பெரியம்மாவிடம் பிறந்த ஆண்டைக் கேட்டால் கிறிஸ்து ஆண்டு வராது. 'சர்வசித்து வருஷம் ஆடி' என்பார். அது 1947. அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஒரே பெயர் இருமுறை வரும் குழப்பம் உண்டு. ஆனால் எண்பது வயதுக் கிழவியை இருபது வயதுப் பெண்ணாக யாரும் மயங்கப்போவதில்லை. (அவருடைய ஆதாரில் 1952 ஜனவரி 1 என்றிருந்தது. நகரத்து மருத்துவமனை ஒன்றில் அந்தத் தேதியையே எழுதிக்கொண்டார்கள். ஆடி மாதக் கணக்கை நான் சொன்னபோது குமாஸ்தா சிரித்தார். ஐந்து ஆண்டுகள் அந்தச் சிரிப்பில் போயின.)

வயதே இப்படி என்றால் 'தொடக்கம்' என்ற சொல் இன்னும் வழுக்கலானது. கிரிவலப் பாதையை வைத்துச் சொல்கிறேன், திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புரிய அதைவிட நல்ல உவமை இல்லை. 14 கிலோமீட்டர் சுற்று, பௌர்ணமி இரவு, லட்சக்கணக்கில் கூட்டம். கூட வந்த பெரியவர் எமலிங்கத்தில் திருநீறு பூசிக்கொண்டதைப் பார்த்தோம். நிருதிலிங்கத்தில் திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. எங்கே தொலைந்தார்? நிருதிலிங்கத்தில் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் எங்கோ என்பார்கள். ஆனால் மறதிநோய் விஷயத்தில் மருத்துவக் கோப்பு கூசாமல் நிருதிலிங்கம் என்றே எழுதுகிறது. நோய் கண்டறிந்த வயதைத் தொடங்கிய வயதாக எழுதுவது வேறென்ன? புள்ளியியலார் இதனை இடைவெளியில் மறைந்த நிகழ்வாகக் கொண்டு கணக்கிட முறைகள் வகுத்திருக்கிறார்கள். அதற்கு முதலில் எமலிங்கத்தில் யாராவது பார்த்திருக்க வேண்டும். அதாவது நல்ல நிலையில் இருக்கும்போதே ஒருமுறை சோதித்து, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் போய்ச் சோதிக்க வேண்டும். 10/66 குழு அப்படித் திரும்பிப்போய்க் கண்ட முடிவுகளை 2012இல் வெளியிட்டது. கியூபா, டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, பெரு, மெக்சிகோ, சீனா என்று பட்டியல் நீண்டது. அதில் வேலூரும் இல்லை, சென்னையும் இல்லை.

வேறு வழியும் உண்டு, பின்னோக்கி இழுப்பது. நீரிழிவில் இதை அழகாகச் செய்து காட்டினார்கள். நோய் கண்டறிந்து எத்தனை ஆண்டானால் எத்தனை பேருக்கு விழித்திரை பழுதாகியிருக்கிறது என்று கோடு போட்டு, அந்தக் கோட்டைப் பின்புறமாகப் பழுதே இல்லாத புள்ளிவரை நீட்டினார்கள். கண்டறியும் நாளுக்குக் குறைந்தது 4 முதல் 7 ஆண்டுகள் முன்பே நீரிழிவு தொடங்கியிருக்க வேண்டும் என்று 1992இல் ஹாரிஸ் குழுவினர் முடிவு கூறினார்கள். நமக்குச் 'சுகர் வந்தது' என்று தேதி சொல்கிறோமே, அது சுகர் வந்த தேதி அல்ல, காகிதம் வந்த தேதி.

மறதிநோயில் இந்த இடைவெளி இன்னும் அகலம். மரபணுவால் உறுதியாக அல்சைமர் வரும் குடும்பங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2012இல் வெளியாயிற்று. எதிர்பார்க்கும் தொடக்கத்துக்கு 25 ஆண்டுகள் முன்பே முதுகுத்தண்டு நீரில் அமைலாய்டு புரதத்தின் அளவு சரியத் தொடங்குகிறது, 15 ஆண்டுகள் முன்பே மூளையில் அது படிந்து தெரிகிறது, பத்தாண்டு முன்பே நினைவாற்றல் நுட்பமாகக் குன்றுகிறது என்றது அது. எழுபதில் 'வந்த' நோய்க்கு நாற்பத்தைந்தில் விதை ஊன்றியிருக்கலாம் என்று இதை விரித்துப் படிக்கிறோம். படிக்கலாம். ஆனால் 'எதிர்பார்க்கும் தொடக்கம்' என்பதை அவர்கள் எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? அந்த நபரின் தந்தைக்கோ தாய்க்கோ எந்த வயதில் தொடங்கிற்று என்று குடும்பத்தாரை உட்கார்த்தி விசாரித்து. அத்தனை கருவிகளும் கடைசியில் வீட்டார் சொல்லும் ஒரு வார்த்தையில்தான் நங்கூரம் பாய்ச்சியிருக்கின்றன. 2025 மே மாதம் அமெரிக்க அரசு ஓர் இரத்தப் பரிசோதனைக்கு ஒப்புதல் தந்தது. அறிகுறி தெரிந்த 55 வயதுக்கு மேற்பட்டவருக்கு மூளையில் அமைலாய்டு இருக்கக்கூடுமா என்பதை அது சொல்லும். உங்கள் தாயார் எந்த ஆண்டிலிருந்து தனியே பேருந்து ஏற அஞ்சினார் என்பதை அது சொல்லாது.

நம் பத்திரிகைகளில் அடிக்கடி தென்படும் ஒரு வாக்கியத்தை இங்கே தட்டிக்கேட்க வேண்டும். 'மேலை நாட்டாரைவிட இந்தியர்களுக்குப் பத்தாண்டு முன்னதாகவே வருகிறது.' எந்தக் கணக்கில்? மருத்துவமனைக்கு வந்தவர்களின் வயதைக் கூட்டி வகுத்த கணக்கில். எண்பத்தைந்து வயதுக்காரர்கள் மிகுந்த நாட்டில் நோயாளிகளின் சராசரி வயது உயரும், குறைந்த நாட்டில் தாழும். நோய்க்கு இதில் ஒரு பங்கும் இல்லை. எண்பது வயதுக் கிழவியை 'இனி எதற்கு' என்று வீட்டிலேயே விட்டுவிட்டு, அறுபது வயதில் வேலையில் தடுமாறும் ஆண்மகனை மட்டும் காரெடுத்துக் கூட்டிப்போகும் சமூகத்தில் அச்சராசரி இன்னும் தாழும். பௌர்ணமியன்று நள்ளிரவு ஈசான்யலிங்கத்தருகே நின்று நடப்பவர்களின் சராசரி வயதைக் கணக்கிட்டு, 'தமிழர்கள் முப்பத்தெட்டு வயதில் பக்தராகிறார்கள்' என்று எழுதினால் சிரிக்க மாட்டோமா?

ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து, இருமொழி பேசுவோருக்கு ஒருமொழியாளரைவிட நாலரை ஆண்டுகள் தாமதமாக மறதிநோய் தொடங்குகிறது என்று 2013இல் சொன்னார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவரிடையேயும் இவ்வேறுபாடு தென்பட்டது என்பது அருமையான கண்டுபிடிப்பு. இந்தியா போன்ற நாட்டில்தான் அதைச் செய்ய முடியும். மொழியார்வலர்கள் கொண்டாடினார்கள், நானும்தான். எனினும் அந்தத் 'தொடக்க வயது' எது? நம்பத்தக்க குடும்பத்தார் ஒருவர் முதல் அறிகுறியைக் கண்ட வயது. ஆய்வாளர்கள் இதை ஒளிக்கவில்லை, அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. கொண்டாடிய நாம்தான், கண்டவர் யார் என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் மருமகளிடம் போய் நின்றிருப்போம்.

முதன்முதலில் அல்சைமர் விவரித்த நோயாளிப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். 1901இல் பிராங்பர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது 51. வீட்டார் கண்ட முதல் அறிகுறி மறதி அல்ல, கணவன்மீது எழுந்த சந்தேகம். தமிழில் 'மறதிநோய்' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, இந்த உண்மையை ஒரே சொல்லில் மறைத்துவிட்டார் (வேறு நல்ல சொல் கிட்டாததால் நானும் அதையே எழுதிவருகிறேன்). மறதி வந்தால்தான் மறதிநோய் என்று நம்பும் வீட்டில், மாமியார் 'என் வளையலை எடுத்துட்டா' என்று மருமகளைச் சொல்லும் முதல் குற்றச்சாட்டு நோயாகத் தெரிவதில்லை, மாமியார் மருமகள் சண்டையாகத்தான் தெரிகிறது. பஞ்சாயத்து நடக்கிறது. மகன் தாயின் பக்கம் நிற்கிறான். மூன்றாண்டோ ஐந்தாண்டோ கழித்து, அம்மா பக்கத்துத் தெருவில் வழிதெரியாமல் நின்ற அன்றைக்கு, அதே மகன் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து 'போன ஆடியிலேருந்துதான் சார்' என்று தேதி கொடுக்கிறான். கதவோரம் நிற்கும் மருமகளுக்கு உண்மைத் தேதி தெரியும். குழம்பில் உப்பு இரண்டாம் முறை விழுந்த வாரம் தெரியும். பதினைந்து புள்ளிக் கோலம் போட்டவர் ஏழு புள்ளிக்கும், பிறகு வெறும் நாலு இழைக்கும் இறங்கிய மார்கழி தெரியும். பால்காரனுக்குச் சில்லறை எண்ணும் பொறுப்பைத் தான் வாங்கிக்கொண்டது எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது என்று தெரியும். தாய் செய்ய முடியாமற்போன வேலைகளை ஒவ்வொன்றாகச் சத்தமின்றி எடுத்துச் செய்து, நோயை ஊரார் கண்ணிலிருந்து மறைத்ததே அவள் உழைப்புத்தான். அவளிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் 'மாமியாரைப் பைத்தியமாக்கப் பார்க்கிறாள்' என்ற பேருக்கு அஞ்சி அவள் சொல்வதில்லை.

இலக்கியம் படிப்பவர்களாகிய நாம் இவ்விஷயத்தில் உதவியிருக்க வேண்டும். ஆங்கில நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக்கின் கடைசி நாவல் 1995இல் வந்தது. அவர் 1999இல் இறந்தபின் அல்சைமர் உறுதி செய்யப்பட்டது. பீட்டர் கேரார்டு குழுவினர் 2005இல் அந்நாவலை அவருடைய முந்தைய நாவல்களோடு ஒப்பிட்டு, சொல்வளம் வற்றியிருந்ததை எண்ணிக் காட்டினார்கள். நோய் கண்டறியப்படும் முன்பே எழுத்து சொல்லிவிட்டது. அகதா கிறிஸ்டியின் பிற்கால நாவல்களில் அத்தகைய சரிவை டொரன்டோவில் எண்ணினார்கள். அமெரிக்கக் கன்னியாஸ்திரிகள் இருபதுகளில் எழுதிவைத்த தன்வரலாற்றுக் குறிப்புகளின் கருத்தடர்த்தி, முதுமையில் யாருக்கு நோய் வரும் என்பதோடு ஒத்துப்போனதை டேவிட் ஸ்னோடன் 1996இல் காட்டினார். கைப்பிரதியையும் கடிதத்தையும் தேதியோடு காக்கும் சமூகங்கள் இதைச் செய்யலாம். நாமோ எழுத்தாளர் இறந்த மறுமாதம் கையெழுத்துப் படிகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுகிறோம். கி. ராஜநாராயணன் தொண்ணூற்றெட்டு வயதுக்கு அருகில்வரை எழுதிக்கொண்டிருந்தார் என்பதைப் பெருமையாகச் சொல்கிறோமே, 'வயதானால் அப்படித்தான்' என்ற வாக்கியத்துக்கு அதைவிட நல்ல மறுப்பு வேண்டுமா? அந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்வது எப்படி?

உதவாததோடு நிற்கவில்லை நம் இலக்கிய அன்பர்கள். மறதியைக் கவிதையாக்கினார்கள். திருவண்ணாமலைக்கு வந்துபோகும் நண்பர்களிடம் இந்த நோய் முற்றியிருக்கிறது. பாதையோரம் காவி உடுத்தி உட்கார்ந்திருக்கும் முதியவரிடம் பெயர் கேட்பார்கள். அவர் வெறித்துப் பார்ப்பார். பெயரைத் துறந்த சித்தர் என்று ஊருக்குத் திரும்பி எழுதுவார்கள். அதே வெறித்த பார்வையோடு சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனாருக்கு அந்தப் பட்டம் கிடைப்பதில்லை. மலையடிவாரத்தில் அமர்ந்திருப்பவர்களில் உண்மையான துறவிகள் உண்டு, அவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வீட்டாரால் கூட்டத்தில் விடப்பட்டவரும், தாமே வழிதவறியவரும் அதே பாதையில்தான் உட்கார முடியும். காவி எல்லாரையும் ஒரே நிறமாக்கிவிடுகிறது.

ஞானம் என்பது மறதி என்று யார் சொன்னது? இந்த ஊரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ரமணர் 1896இல் பதினாறு வயதில் வந்தார், 1950 ஏப்ரலில் எழுபது வயதில், கையில் வந்த புற்றுக்கட்டியால் மறைந்தார். 'நான் யார்' என்று கேட்கச் சொன்ன அந்த மனிதர் ஆசிரமத்து அடுக்களையில் காய் நறுக்கினார், பதம் பார்த்தார், அச்சுக்குப் போகும் நூல்களின் பிழை திருத்தினார். பிழை திருத்தியவருக்குத் தெரியும், அது எவ்வளவு விழிப்பைக் கோரும் வேலை என்று. 'நான் யார்' என்று விழிப்போடு கேட்பதும், தான் யாரென்று தெரியாமல் தவிப்பதும் ஒன்றாகாது. தவிப்பவர் சாந்தமாக இல்லை. அந்தி சாய்ந்தால் அவருக்குப் பயம் பிடிக்கிறது. தன் வீட்டிலிருந்தே 'வீட்டுக்குப் போகணும்' என்று அழுகிறார். அதைப் பரவசமாகக் காண்பவர் ஓர் இரவு அவரோடு விழித்திருக்கட்டும்.

இவ்வளவு கடுமையாக எழுதுவதற்குக் காரணம் கவிதைக் கோளாறு மட்டுமல்ல. தொடக்க வயதை எங்கே குறிக்கிறோம் என்பதில் சொத்து இருக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமும் ஒப்பமிடும் நேரத்தில் தெளிந்த மனம் இருந்ததா என்றுதான் கேட்கின்றன. இடையிடையே தெளிவு வருபவர் அத்தெளிவில் ஒப்பமிட்டால் செல்லும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, எதிரே நிற்பவர் சித்தசுவாதீனம் இல்லாதவராகத் தோன்றினால் சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிய மறுக்க வேண்டும். தோன்றினால்! வெள்ளை வேட்டி கட்டிக் கூட்டிவந்து, பெயர் சொல்லக் கற்றுக்கொடுத்து, தலையாட்ட வைத்துப் பெருவிரல் ரேகை வாங்குவதற்கு மூன்று நிமிடம் போதும். தான செட்டில்மென்ட் பத்திரம் முடிந்துவிடும். ஆரம்பநிலை நோயாளி அந்த மூன்று நிமிடத்தில் பிரமாதமாகப் பேசுவார், பழைய கதைகள்கூடச் சொல்வார். 2007ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிக் கைவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் ரத்து கோரும் உரிமை எழுதிக்கொடுத்தவருக்கு. எழுதிக்கொடுத்ததையே மறந்தவர் எப்படிக் கோருவார்? இயலாதவர் சார்பில் தொண்டமைப்பு கோரலாம் என்றொரு உட்பிரிவும் இருக்கிறது. செங்கம் பக்கத்துக் கிராமத்துக் கிழவிக்காக அப்படி வருகிற அமைப்பு எது?

வழக்கு வந்தால் எல்லாம் ஒரே கேள்வியில் தொங்கும். பத்திரத் தேதிக்கு முன்பே தொடங்கிவிட்டதா, பின்பா? மருத்துவக் கோப்பில் கண்டறிந்த வயது இருக்கும், அது பத்திரத்துக்குப் பின்னால்தான் இருக்கும். பத்திரம் வாங்கியவரே 'போன ஆடியிலேருந்துதான்' என்று அந்த வயதைக் கொடுத்தவராகவும் இருப்பார். ஆகவே மருத்துவர்களிடம் என் வழக்கு இதுதான்: கண்டறிந்த வயது, வீட்டார் முதலில் கண்ட வயது என இரண்டு கட்டங்களை வைத்து எழுதுங்கள், இரண்டாவதைச் சொன்னவர் யார், நோயாளிக்கு என்ன உறவு, அவருக்கு அதனால் வரவு உண்டா என்பதையும் எழுதுங்கள். மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மருமகளைத் தனியே கூப்பிட்டு, கடைசியாகப் பெரிய கோலம் போட்டது எந்தப் பொங்கல், கடைக்குத் தனியே போய்வந்தது எந்தத் தேர்தலுக்கு முன், நகைப் பேச்சு முதலில் எழுந்தது யார் கல்யாணத்தில் என்று கேளுங்கள். பத்து நிமிடம் ஆகும். அவள் தயங்குவாள். பிறகு, வெளியே இருப்பவருக்குக் கேட்காத குரலில், வருஷத்தோடு சொல்வாள்.